கடல்நீர்த் தொட்டியில் இனந்தெரியாது வளரும் கடற்பஞ்சு: இனங்காணலும் அடக்கலும்

வயலிற் புதிய பூண்டொன்று முளைத்தால், அதன் பெயரையும் குணத்தையும் அறியுமுன் மண்வெட்டியை எடுக்கும் கமக்காரர் ஒரே வேலையை இருமுறை செய்ய நேரும். கோரையைக் கொத்திவிட்டவர் யாவரும் இதனை அறிவர். கொத்தியதாற் பிரிந்த கிழங்கு ஒவ்வொன்றும் தனித்தனிப் பூண்டாய் எழுகின்றது. கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில், முருகைக்கற்களின்மேல் அறியாதவாறு படரும் கடற்பஞ்சுக்கும் இதுவே விதி.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில் மரக்கறித் தோட்டஞ் செய்யும் ஒருவரின் வீட்டில், பிள்ளைகளின் படிப்புக்காக 200 லீற்றர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்க. தொட்டியின் கல்லொன்றில் ஒருநாட் காலை மஞ்சள் நிறமான தடித்த படை ஒன்று தெரிகின்றது. அடுத்த கிழமை அது இருமடங்காகின்றது. வீட்டுக்காரருக்கு உடனே தோன்றக்கூடிய வழிகள் மூன்று. கத்தியாற் சுரண்டி நீரிலேயே விட்டுவிடலாம். கல்லை எடுத்துக் கொதிநீரில் இடலாம். தோட்டத்துப் பூஞ்சண நோய்க்கென வைத்திருக்கும் துரிசிற் சிறிது கரைத்து ஊற்றலாம். இம்மூன்றும் தவறு. முதலாவது பஞ்சைப் பெருக்கும். மூன்றாவது தொட்டியில் உள்ள உயிர்களை மாய்க்கும். இரண்டாவதோ வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கே ஆபத்தாய் முடிதல் கூடும். ஏன் என்பது கீழே விளக்கப்படுகின்றது.

கடற்பஞ்சு எத்தகைய உயிர்?

கடற்பஞ்சு செடியன்று, விலங்கு. ஆயினும் அதற்கு வாயில்லை, வயிறில்லை, நரம்பில்லை. உடல் முழுவதும் நுண்ணிய துளைகள் உள. அத்துளைகளால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள பற்றீரியா முதலிய நுண்ணுயிர்களை வடித்து உண்டு, எஞ்சிய நீரைப் பெரிய வாய்த்துளைகளால் வெளியே தள்ளுகின்றது. இந்நீரோட்டத்தை 1825ஆம் ஆண்டளவில் எடின்பரோவில் றொபேட் கிராண்ட் என்னும் அறிஞர் உருப்பெருக்கி வழியாகக் கண்டார். அதற்கு முன் பலர் கடற்பஞ்சைக் கடற்செடி என்றே எண்ணியிருந்தனர். இன்று 9,000இற்கு மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன.

அதன் உடலைத் தாங்குவது எலும்பன்று. சில இனங்களிற் கண்ணாடி போன்ற சிலிக்கா முட்களும், சிலவற்றிற் சுண்ணாம்பு முட்களும், குளிக்கப் பயன்படும் பஞ்சு போன்றவற்றில் மிருதுவான நார்களும் அவ்வேலையைச் செய்கின்றன. இம்முட்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனால் இனங்காண்பதற்கு அவையே முதன்மையான சான்று. நெல்லினத்தை மணியைக்கொண்டு அறிவது போல, கடற்பஞ்சினத்தை அறிஞர் முள்ளைக்கொண்டு அறிகின்றனர்.

தொட்டிக்கு இது எவ்வாறு வருகின்றது எனின், கல்லோடு வருகின்றது. கடலிலே கிடந்து உயிர்கள் குடியேறிய கல்லை உயிர்க்கல் என்பர். அதன் பொந்துகளில் ஒட்டிய கடுகளவு துண்டொன்று போதும். 1907ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்சன் என்னும் ஆராய்ச்சியாளர் உயிருள்ள கடற்பஞ்சொன்றை நுண்ணிய பட்டுச் சல்லடைத் துணியிற் கட்டி நீரிற் பிழிந்தார். துணிவழியே தனித்தனிக் கலங்களாய்ப் பிரிந்து வந்தவை மீண்டும் ஒன்றையொன்று நாடிச் சேர்ந்து புதிய பஞ்சுகளாயின. தொட்டியின் உள்ளேயே கத்தியாற் சுரண்டுபவர் பட்டுத்துணியின்றி அதே சோதனையைச் செய்கின்றார்.

திருகோணமலையும் மன்னார்ப் பார்களும்

கடலுயிரைக் கடல்நீரோடு பாத்திரத்தில் வைத்து நோக்கும் பழக்கம் திருகோணமலைக்குப் புதியதன்று. இலங்கையிற் பிறந்து இராணுவ வைத்தியராய்ப் பணிபுரிந்த எட்வேட் பிறெட்றிக் கெலாட் என்பவர் 1850களின் பிற்பகுதியில் இங்கு முத்துச்சிப்பிகளை உயிருடன் வைத்து ஆராய்ந்தார். ஒரிடத்தில் ஒட்டியிருக்கும் சிப்பி தன் நார்களை விட்டு நகர்ந்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை அவர் கண்டறிந்தார். இலங்கைக் கடலின் ஓடில்லாக் கடல்நத்தைகள் பலவற்றுக்குப் பெயரிட்டவரும் அவரே. அவற்றுள் ஒன்று கடற்பஞ்சைத் தின்று வாழ்வது. அதைப்பற்றிப் பின்னர்க் கூறப்படும்.

கடற்பஞ்சு ஒரு பெருந்தொழிலுக்குப் பகையாகலாம் என்பது மன்னார் வளைகுடாவில் வெளிப்பட்டது. முத்துக்குளிப்புப் பலவாண்டுகள் பொய்த்ததன் காரணத்தை ஆராய 1902ஆம் ஆண்டில் பேராசிரியர் ஹேர்ட்மன் இலங்கைக்கு வந்தார். ஹோர்ணல் என்பார் அவருக்குத் துணையாயிருந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாய் வெளிவந்த அவர்களின் அறிக்கையிற் கடற்பஞ்சுகளைப்பற்றிய பகுதியை டெண்டி என்பார் எழுதினார். சிப்பியின் ஓட்டைத் துளைத்து அதனுள்ளே குடியிருக்கும் கிளையோனா என்னும் கடற்பஞ்சு சிப்பியின் பகைகளுள் ஒன்றாக அதிற் குறிக்கப்பட்டது. இக்கடற்பஞ்சு சிப்பியின் தசையை உண்பதில்லை. குடியிருக்க இடம்வேண்டி ஓட்டைக் குடைகின்றது. சிப்பியோ குடைபட்ட ஓட்டை உள்ளிருந்து அடைப்பதற்குத் தன் ஊட்டத்தைச் செலவிட்டு மெலிகின்றது.

நெல்லில் தண்டுதுளைப்பானைக் கண்டவருக்கு இதனை விளங்குதல் எளிது. வெளியே தெரிவது சிறு துளை, கேடு உள்ளே.

பெயர் தெரியாமையின் விலை

இனங்காணலுக்கு இத்துணை இடம் கொடுப்பது எதற்கு என்று கேட்போர் சல்வீனியாவை நினைவுகூர்க. 1939ஆம் ஆண்டிற் கொழும்பிலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்குப் படிப்பின் பொருட்டுக் கொண்டுவரப்பட்ட அந்நீர்ப்பூண்டு, 1954ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 22,000 ஏக்கர் நெல்வயல்களிற் பரவியிருந்தது. அதனை வேறோர் இனமென்றே நெடுங்காலம் எண்ணி, அவ்வினத்தின் நாட்டிலும் அதன் உறவினங்களிலும் பகைப்பூச்சிகளைத் தேடினர். அங்ஙனம் எடுத்து விடப்பட்ட பூச்சிகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1972இல் அது தனியினம் என நிலைநாட்டப்பட்டது. அதன் தாயகம் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதி என 1970களின் பிற்பகுதியில் தெளிந்தபின்பே உரிய கூன்வண்டு கிடைத்தது. அவ்வண்டையும் முதலில் வேறினமென மயங்கி 1985இலேயே தனிப்பெயர் இட்டனர். 1986இல் இலங்கையில் விடப்பட்ட அவ்வண்டு, கையும் மருந்தும் செய்யாததைச் செய்தது.

வயலிலே பெயர் தவறியதற்குச் செலவு பல பத்தாண்டுகள். தொட்டியில் அச்செலவு ஒரே இரவில் வந்துவிடும்.

தொடுமுன் அறியவேண்டியவை

முதலிற் கையை வெளியே வைத்துக்கொண்டு இரண்டு கிழமை நோக்குதல் வேண்டும். கண்ணாடியின் வெளிப்புறத்தில், படையின் விளிம்பு தெரியும் இடத்தை மெழுகுப் பென்சிலாற் கோடிட்டு, நாளையுங் குறித்துவைத்தல் நன்று. பரவும் வேகம் இதனால் விளங்கும். பெரும்பாலான படைகள் இரண்டு கிழமையிற் கோட்டைத் தாண்டுவதில்லை என்பதைக் கண்டு வீட்டுக்காரர் அமைதியடைவதும் உண்டு.

நிறத்தை நம்புதல் ஆகாது. ஒரே இனம் வெளிச்சத்தில் ஒரு நிறமும் நிழலில் வேறு நிறமும் கொள்ளும். நிறத்தைவிட வாய்த்துளையே சிறந்த அடையாளம். பூதக்கண்ணாடியால் நோக்கின் படையின் மேற்பரப்பில் ஆங்காங்கே வட்டத் துளைகள் தெரிதல் வேண்டும். உணவில் இடும் சாயத்தில் ஒரு துளியைக் கடல்நீரிற் கரைத்து, மெல்லிய குழாயால் அப்படையின் அருகே விடுக. பம்பியைச் சிறிது நேரம் நிறுத்திச் செய்தால் நன்கு தெரியும். சாயம் படைக்குள் இழுக்கப்பட்டு, துளைவழியே புகைபோல் எழுமாயின் அது நீரை வடிக்கும் உயிர் என்பது உறுதி.

நீரை வடிக்கும் உயிர் யாவும் கடற்பஞ்சு அல்ல. தோற்பை போன்ற உடலுடைய வேறோர் உயிர் கூட்டங்கூட்டமாய்ப் படிந்து கடற்பஞ்சைப் போலவே தோன்றும். தென்னை ஈர்க்கின் நுனியால் மெல்லத் தொட்டால் அதன் துளைகள் சட்டென மூடிக்கொள்ளும். கடற்பஞ்சு அவ்வாறு கண்முன் மூடுவதில்லை. தொட்டவுடன் தாள்தாளாய்க் கழன்று, அடியிற் காற்றுக்குமிழி தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசி. அதற்கு வைத்தியம் வேறு. சுண்ணாம்பு போற் கடினமாய் ஊதா அல்லது இளஞ்சிவப்பு நிறத்திற் கல்லோடு ஒன்றியிருப்பது சுண்ணாம்புப் பாசி. அது நல்ல தொட்டிக்கு அடையாளமாகும்.

இனி, எல்லாவற்றிலும் கவனமாய் அறியவேண்டியது ஒன்று உண்டு. தடித்த தோல்போன்ற படையின்மேல், சட்டைப் பொத்தானின் அளவில் வட்டமான தலைகளும், அவற்றின் விளிம்பிற் குறுமயிர் போன்ற தந்துகளும் தெரியுமாயின் அது கடற்பஞ்சன்று. அதனை வசதிக்காகப் பொத்தானுயிர் எனலாம். மூடிக்கொண்ட வேளையில் அது பழுப்பு அல்லது மஞ்சள் நிறக் கடற்பஞ்சைப் போலவே இருக்கும். அவ்வினங்களுட் சில பாலிடொக்சின் என்னும் நஞ்சைக் கொண்டவை. கடலுயிர்களிற் காணப்படும் மிகக் கொடிய நஞ்சுகளுள் இதுவும் ஒன்று. 1971இல் ஹவாய்த் தீவிற் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வுயிர் ஒட்டிய கல்லைக் கொதிக்கவைத்தாலும், கொதிநீர் ஊற்றினாலும், உலர்த்தித் தேய்த்தாலும் நஞ்சு ஆவியோடும் தூசியோடும் கலந்து மூச்சின்வழி உட்செல்லும். 2018இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் பகுதியில் ஒரு வீட்டிற் தொட்டிக் கல்லைச் சுத்தஞ் செய்தபோது அக்குடும்பத்தினரும், அவர்களுக்கு உதவ வந்தவர்களும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. இருமல், மூச்சடைப்பு, காய்ச்சல், நடுக்கம், தசைநோவு, வாயிற் கசப்பு என்பன குறிகள். கல்லைக் கையாண்ட சில மணி நேரத்துள் இவற்றுள் எது தோன்றினும், எல்லாரும் வீட்டைவிட்டு வெளியேறி மருத்துவமனைக்குச் சென்று, கடல்தொட்டிக் கல்லைச் சுத்தஞ் செய்ததை மருத்துவரிடம் முதலிலேயே கூறுதல் வேண்டும். காய்ச்சல் வேறு காரணத்தால் வந்ததென எண்ணிக் காலந் தாழ்த்தலாகாது.

ஆகவே எக்கல்லையும், எக்காரணத்தாலும், கொதிக்கவைத்தல் கூடாது. ஐயமுள்ள கல்லில் ஈர்க்கும் கத்தியும் படாமல் விட்டுவிடுதலே நலம்.

முள்ளைக் காணும் எளிய சோதனை

படை கடற்பஞ்சே எனத் தெளிந்தபின், எவ்வகை என அறிய விரும்புவோர் பள்ளிக்கூட உருப்பெருக்கியின் துணைகொண்டு இச்சோதனையைச் செய்யலாம். றப்பர்க் கையுறை அணிந்து, பயறளவு துண்டொன்றை நீரினடியிலே கிள்ளி, சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் இடுக. சலவைக்குப் பயன்படும் குளோரீன் நீரிற் சில துளி விட்டு, திறந்த வெளியில் ஒரு மணி நேரம் வைத்தால் மிருதுவான பகுதி கரைந்து முட்கள் அடியிற் படியும். மேலுள்ள நீரை மெல்ல வடித்து, நல்ல நீரால் நான்கைந்து முறை கழுவுக. கழுவியபின் ஒரு துளி வினாகிரி விட்டால், சுண்ணாம்பு முள்ளாயின் நுரைத்துக் கரையும்; சிலிக்கா முள்ளாயின் மாறாதிருக்கும். கழுவாமல் வினாகிரி விடலாகாது. குளோரீன் நீரும் வினாகிரியும் கலந்தால் மூச்சைத் தாக்கும் நச்சுவாயு எழும். சிறுவரைக்கொண்டு இதனைச் செய்வித்தல் ஆகாது.

முட்களை வரைந்து, நாளையும் நிறத்தையும் குறித்துக் கடலியல் அறிந்தோரிடம் காட்டின், வெறும் புகைப்படத்தைவிட அது மிகப் பயன்படும்.

தொட்டியிற் காணும் வகைகள்

நெல்மணியளவில், வெண்மையாய், நுனியிற் சிறு குடுமியுடன், வடிகட்டிப் பெட்டியிலும் இருண்ட மூலைகளிலும் நூற்றுக்கணக்கில் முளைப்பது சைக்கன் என்னும் வகை. முதன்முதற் காண்போரை அச்சுறுத்துவது பெரும்பாலும் இதுவே. அதன் முள் சுண்ணாம்பு. அது எவருக்கும் தீங்கு செய்வதில்லை. உணவு குறைந்தவுடன் தானே குறையும். கல்லின் அடிப்புறத்தில் வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள் நிறமாய் மெல்லப் படியும் நிழல்விரும்பிகளும் இத்தகையனவே. இவை நீரிலுள்ள நுண்ணுயிரை வடித்து எடுக்கும் கூலியில்லா வேலையாட்கள். நாளொன்றுக்குத் தம் உடலின் கொள்ளளவைப்போற் பல்லாயிரம் மடங்கு நீரைச் செலுத்த வல்லன. இவற்றை அகற்ற முயல்வது, வரம்பிலுள்ள தவளையை அடித்துக் கொல்வதை ஒக்கும்.

கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது, முற்கூறிய துளைக்கும் பஞ்சு. உயிருள்ள முருகைக்கல்லின் உடலில் மஞ்சள் அல்லது செம்மஞ்சட் புள்ளிகள் வரிசையின்றித் தோன்றி, அழுத்தினால் கல் பொருபொருத்து உடையுமாயின் இதனை ஐயுறுக. இரண்டாவது, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் குறைந்து, கரும்பலகைக்கு மை பூசியது போல் சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் உயிருள்ள முருகையின்மேலேயே ஏறும் டேர்பியோஸ். 1970களின் தொடக்கத்திற் குவாம் தீவிற் கவனிக்கப்பட்டு, 1993இற் பெயரிடப்பட்ட இது, 2010ஆம் ஆண்டிற்குப் பின் பாக்குநீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஆராய்ச்சியாளராற் பதிவுசெய்யப்பட்டுள்ளது. இதன் உடலினுள் ஒளியைக்கொண்டு உணவு சமைக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஆதலின் வெளிச்சம் மிக்க இடமே இதற்கு உரம். மூன்றாவது, தொட்டால் எரியும் பஞ்சுகள். பெரும்பாலும் சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிறமானவை. தோலிற் பட்டால் அரிப்பும் வீக்கமும் உண்டாகும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் உலரவிட்டு, ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து முட்களை நீக்கி, வினாகிரியிற் பதினைந்து நிமிடம் ஊறவைத்தபின் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

அடக்கும் முறை

கடற்பஞ்சு மிகுவது தொட்டியில் உணவு மிகுவதன் அறிகுறி. யூரியாவை அளவின்றி இட்ட வயலிற் பயிரோடு களையும் பூச்சியும் பெருகுவது போன்றதே இது. மீன் இரண்டு நிமிடத்துள் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் உணவிடலாகாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக. ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாகக் கடல்நீரை ஊற்றுவோர் உளர். உப்பு ஆவியாவதில்லை; ஆதலின் தொட்டி உவர்நிலம் போலாகிவிடும். குறைந்த அளவுக்குச் சுத்தமான நன்னீரே ஊற்றத்தக்கது. இயல்பான கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும்.

புதிய கடல்நீரை எங்கு எடுப்பது என்பதும் சிந்திக்கத்தக்கது. கப்பல் நிற்கும் துறைமுக நீரில் எண்ணெயும் கப்பலடிப் பூச்சு மருந்தும் கலந்திருத்தல் கூடும். திறந்த கரையின் நீரே ஏற்றது. மாரிகாலத்தில் மகாவலி கொட்டியாரக்குடாவிற் பெருக்கெடுத்து விழும்போது மேல்நீர் கலங்கி உப்புங் குறையும். அக்காலத்தில் அடர்த்திமானியால் அளவாமல் நீர் எடுத்தலாகாது.

நீர் எடுக்கும் வாளியைப்பற்றித் தோட்டக்காரருக்குத் தனியே கூறவேண்டியிருக்கின்றது. பூச்சிநாசினி கலந்த வாளியோ, தெளிகருவியின் குழாயோ, எத்துணை கழுவினும் கடல்தொட்டிக்கு உதவாது. துரிசும் அவ்வாறே. போர்டோக் கலவையாய்க் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நோய் தடுக்கும் செம்பு, ஒரு லீற்றர் நீரில் ஒரு மில்லிகிராமின் சிறு பங்கு இருப்பினும் முருகையையும் நத்தையையும் கொல்லும். அது கல்லிலும் ஊறி நின்று பின்னர் மெல்ல மெல்ல வெளிப்படும். மருந்து தெளித்த கையோடு தொட்டியிற் கைவிடுவோர் முழங்கைவரை சவர்க்காரமிட்டுக் கழுவியபின் நன்னீரால் நன்கு அலசுதல் வேண்டும்.

தொட்டியின் உள்ளேயே நஞ்சிட்டுப் பஞ்சைக் கொல்லும் எண்ணமே வேண்டாம். இறந்த பஞ்சு அழுகி அமோனியாவைப் பெருக்கும். அன்றியும், ஓடிப்பிழைக்க முடியாத கடற்பஞ்சு பகையைத் தடுக்கத் தன்னுடலிற் கடும் இரசாயனங்களைச் சேர்த்து வைத்திருப்பது. 1950களின் தொடக்கத்தில் ஒரு கரிபியன் கடற்பஞ்சிற் கண்ட பொருள்களை முன்மாதிரியாகக் கொண்டே இரத்தப் புற்றுநோய்க்கு இன்று வழங்கும் சைற்றறபீன் என்னும் மருந்து உருவானது. மருந்தாகும் வலிமையுள்ள பொருள், சிறு தொட்டி நீரிற் கலந்தால் மீனுக்கு நஞ்சாகாதிருக்குமா?

பகையுயிரை விடுதலும் அத்தகைய இடருடையது. கெலாட் பெயரிட்ட பிலிடியெல்லா சைலானிக்கா என்னும் ஓடில்லாக் கடல்நத்தை கடற்பஞ்சைத் தின்னும். ஆனால் அதன் உறவினமொன்று வெளியிடும் சளி சிறு பாத்திரத்தில் உடனிருக்கும் மீனைக் கொல்லும் என்பது 1963இல் வெளியிடப்பட்டது. அந்நஞ்சு அது தின்ற கடற்பஞ்சிலிருந்தே வந்ததெனப் பின்னர் அறிந்தனர். தனக்கேற்ற பஞ்சு தீர்ந்ததும் இந்நத்தை பட்டினியால் இறந்து நீரைக் கெடுப்பதும் உண்டு. சல்வீனியாவுக்குக் கூன்வண்டு பொருந்தியது கண்டு, எதற்கும் பகையைத் தேடி விடலாம் என எண்ணுதல் சரியன்று.

எனவே அகற்றியே தீரவேண்டிய பஞ்சுக்குக் கைவேலையே வழி. தொட்டி நீரையே இரண்டு வாளிகளில் எடுத்துக்கொள்க. கையுறையும் கண்ணுக்கு மறைப்பும் அணிந்து, கல்லை முதல் வாளியினுள் நீரில் அமிழ்த்தி, நீரினடியிலேயே கத்தியாலும் பழைய பற்றூரிகையாலும் அடியோடு சுரண்டுக. இரண்டாவது வாளியில் அலசியபின்பே தொட்டிக்கு மீட்டல் வேண்டும். அன்றிரவு செயலூட்டிய கரியை வடிகட்டியில் வைப்பின் நீரிற் கலந்த நச்சுப்பொருள்களை அது ஈர்க்கும். ஒரே நாளில் எல்லாக் கல்லையும் சுரண்டாமல் கிழமைக்கு ஒரு கல்லாகச் செய்க. நல்ல பஞ்சு இருக்கும் கல்லைக் காற்றிற் பிடித்தலாகாது. துளைகளிற் காற்று அடைபட்டுப் பல இனங்கள் இறந்துவிடும்.

துளைக்கும் பஞ்சு சுரண்டலுக்கு அகப்படாது. புள்ளி தெரியும் பகுதிக்கு அப்பால், நல்ல கிளையிலே வெட்டி, நல்லதை வைத்துக்கொண்டு நோயுற்றதை விலக்குதல் வேண்டும். சிப்பி வளர்ப்போர் சிப்பியைக் கடும் உப்புநீரிலோ நன்னீரிலோ சிறிது நேரம் அமிழ்த்தி இப்பஞ்சைக் கொல்வர். சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு தப்பும். முருகைக்கு மூடுவதற்கு ஓடில்லை. ஆதலால் அம்முறை முருகைக்குப் பொருந்தாது. கறுப்புப் படைக்கு நிழலே மருந்து. நாற்றுமேடைக்குப் பந்தரிடுவது போல் அக்கல்லுக்கு மேலே கறுப்புப் பிளாத்திக்குத் துண்டொன்றைக் கட்டினால் பரவல் குன்றும். அதன்மேல் உயிருள்ள முருகை இருப்பின் அதுவும் ஒளியின்றி வாடுமாதலின், முருகையை முதலில் வேறு கல்லுக்கு மாற்றிக்கொள்க.

கல் பெறும் வழி

கரையோரப் பாரிலிருந்து உயிருள்ள முருகைக்கல்லை உடைத்தெடுத்தல் இலங்கையிற் சட்டப்படி குற்றமாகும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாய் இருப்பது. அங்கிருந்து இறந்த கல்லையோ சிப்பியோட்டையோகூட எடுத்தலாகாது. தொட்டிக்குச் சுண்ணாம்புக்கல்லோ, சீமெந்தாற் செய்து பலமாதம் நன்னீரில் ஊறவைத்த கல்லோ போதுமானது. உயிர்க்கல்லை உரிமம் பெற்றோரிடம் வாங்குவோர், அதனைத் தொட்டியில் நேரே இடாமல் காற்றூட்டிய தனித்தொட்டியில் ஆறு கிழமை வைத்து நோக்குக. படை எதுவாயினும் அங்கே வெளிப்படும். அங்கே அகற்றுவதும் எளிது.

சுரண்டிய பஞ்சையும் வாளி நீரையும் கடலிலோ துறைமுகத்திலோ ஊற்றலாகாது. வேற்றூரிலிருந்து கல்லோடு வந்த இனம் அங்கே பரவின் அதனைச் சுரண்டி எடுக்க எவராலும் இயலாது. நீரிற் குளோரீன் நீர் சிறிது கலந்து ஒரு நாள் திறந்த வெளியில் வைத்து, பின் கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் அப்பாலுள்ள குழியில் ஊற்றுக. சுரண்டிய பஞ்சை நன்னீரில் இரண்டு நாள் ஊறவைத்து ஆழப் புதைத்துவிடலாம். எருக்குவியலில் இடுதல் வேண்டாம், அதன் முட்கள் உரம் அள்ளும் கையிலே தைக்கும்.